எலும்பு கூடிடுச்சு, மனசு? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாக்கர்தான். அடிபட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. சுவரோரம் நின்ற வாக்கரில் ஈரத் துண்டும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. மேலே ஆணியில் தினசரி காலண்டர். காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து, எல்லாருடைய ராசிபலனையும் உரக்கப் படிப்பது அண்ணனின் வழக்கம். அன்று அந்தக் காலண்டரில் ஒன்பது நாள் பழைய தேதி நின்றது.

நத்தம் ரோட்டில் பைக்கில் போகும்போது நடந்த விபத்து. முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு ஒடிந்து, உள்ளே ராடு வைத்திருந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. ஆனால் வயர்மேன் வேலைக்கு ஒரு நாளும் மட்டம் போடாத மனுஷர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“ரெண்டு அடி நடந்து காட்டுங்கண்ணே” என்றேன்.

“நடந்து என்னத்தச் செய்யப் போறேன் பாப்பா” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

“இப்படிச் சோம்பேறித்தனம் பண்ணா கால் எப்படிச் சரியாகும்?” என்று நானும் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

டிஸ்சார்ஜ் தாளைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ராடின் அளவு, திருகுகளின் எண்ணிக்கை, தையல் பிரிக்கும் தேதி, அடுத்த எக்ஸ்ரே தேதி எல்லாம் இருந்தன. மனசைப் பற்றி ஒரு வரி இல்லை.

2022ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். பிழைத்து, கட்டுப் போட்டு, வீடு திரும்பியவர்கள் அதைவிட அதிகம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் தருகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த நல்ல திட்டம் அது. நான் பேச வந்தது அந்த 48 மணி நேரம் முடிந்து, 48 நாளும் கழிந்தபின், ஒரு மண்டலமாகக் கட்டிலே கதியென்று கிடப்பவரின் மனநிலையைப் பற்றி. அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று நாம் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறோம். ஆனால் நாம் சொல்வதில் பல தவறு.

நம்பிக்கை 1: “உசுரு பொழச்சதே பெருசு. இதுல வருத்தப்பட என்ன இருக்கு?”

உண்மை: பிழைத்ததற்கு நன்றியோடு இருப்பவருக்கும் மனச்சோர்வு வரும். ஒன்று இருந்தால் மற்றது வராது என்று எந்த விதியும் இல்லை.

அடிபட்டவர் இழந்தவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தினக்கூலி நின்றுபோயிருக்கும். சீட்டுப் பணமும் வண்டித் தவணையும் நிற்காது. கழிப்பறைக்குப் போக மனைவியின் தோள் வேண்டும்; குளிக்க மகனின் கை வேண்டும். நாலு பேருக்கு வேலை சொன்னவர், ஒரு டம்ளர் தண்ணீருக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏணி ஏறிப் பிழைத்த என் அண்ணனுக்கு, இனி ஏணி ஏற முடியுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

“பொழச்சதே பெருசு” என்ற வார்த்தை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஆக்கிவிடுகிறது. சொன்னால் நன்றி கெட்டவன் என்றாகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை 2: “அடிபட்டவனுக்குச் சோகம் இருக்கத்தானே செய்யும்? இதுக்கு எதுக்கு வைத்தியம்?”

உண்மை: இதைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள், அதிகக் கெடுதல் செய்வதும் இதுதான். காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. எலும்பு ஏன் ஒடிந்தது என்று நமக்குத் தெரியும். அதற்காக மாவுக்கட்டுப் போடாமல் விடுகிறோமா?

அடிபட்ட எல்லாருக்கும் மனச்சோர்வு வருவதும் இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. அதாவது கை கால் செயலிழந்த நிலையிலும் முக்கால்வாசிப் பேருக்கு அது வரவில்லை. ஆக, அது காயத்தோடு கூடவே வந்தே தீரும் ஒன்றல்ல. வந்தவருக்கு வைத்தியம் வேண்டும்.

துக்கத்தையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது? துக்கம் வந்து வந்து போகும். பேரப்பிள்ளை மடியில் ஏறினால் சிரிப்பு வரும். பிடித்த சினிமா ஓடினால் கண் அந்தப் பக்கம் போகும். மனச்சோர்வில் இந்த இடைவெளி இருக்காது. நாள் முழுக்க, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டு கிடக்கும். பிடித்தது எதுவும் பிடிக்காது. பசி குறையும், அல்லது கூடும். தூக்கம் கெடும். “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற எண்ணம் வேர்விடும். எரிந்து விழுவதும் ஓர் அறிகுறி. ஆண்களிடம் அழுகைக்குப் பதிலாக இதைத்தான் பலநேரம் பார்க்கிறோம். மதினி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “ராத்திரி மூணு மணிக்கே முழிச்சுக்கிர்றாரு. கால் வலிக்குதான்னு கேட்டா இல்லங்கிறாரு. விடியிற வரைக்கும் மேல ஓடுற ஃபேனையே பாத்துக்கிட்டுக் கிடக்காரு.” விடியுமுன்பே விழிப்புத் தட்டி, பிறகு தூக்கமே வராமல் கிடப்பது மனச்சோர்வின் தெளிவான அடையாளங்களில் ஒன்று என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

நம்பிக்கை 3: “கால் சரியானா மனசும் தானா சரியாயிடும்.”

உண்மை: சிலருக்கு ஆகும். பலருக்கு ஆவதில்லை. அமெரிக்காவில் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களில், காலில் கடுமையான காயம்பட்டவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2003ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்றாம் மாதத்தில் 48 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருக்கக்கூடும் என்று கேள்வித்தாள் காட்டியது. இருபத்து நான்காம் மாதத்தில் அது 42 சதவீதம். புண் ஆறி, எலும்பு கூடி, இரண்டு வருடம் போன பிறகும் மனசு ஏறக்குறைய அங்கேயே நின்றது. மூன்றாம் மாதத்தில் மனநல உதவி பெற்றவர்கள் 12 சதவீதம்தான். இருபத்து நான்காம் மாதத்திலும் அது 22 சதவீதத்தைத் தாண்டவில்லை.

தலையில் அடிபட்டவர்களை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். “ஸ்கேன் நார்மல், ஆனா ஆளே மாறிட்டாரு” என்று வீட்டார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சியாட்டில் நகரில் தலைக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 559 பேரை ஓராண்டு கவனித்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதம் பேருக்கு அந்த ஓராண்டுக்குள் மனச்சோர்வு நோய் வந்திருந்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை.

நம் நாட்டின் நிலையும் வேறல்ல. 2015–16ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

நம்பிக்கை 4: “சோம்பேறித்தனம். பிசியோ பண்ணச் சொன்னா பண்ண மாட்டேங்கிறாரு.”

உண்மை: நான் செய்த தவறு இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்திருப்பது, பிறகு வாக்கரோடு நாலு அடி நடப்பது. பார்க்க எளிய பயிற்சிகள். இவற்றைச் செய்ய வேண்டும் என்ற உந்துதல் எங்கிருந்து வருகிறது? “இதைச் செய்தால் நாளைக்கு நல்லது நடக்கும்” என்ற எதிர்பார்ப்பிலிருந்து. மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வது அந்த எதிர்பார்ப்பைத்தான். உடலிலும் இதற்குக் காரணம் இருக்கிறது. காயம்பட்டதும் நோய் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. காய்ச்சல் வந்தால் போர்த்திக்கொண்டு படுக்கத் தோன்றுவதும், யாரிடமும் பேசப் பிடிக்காமல் போவதும், வாய் கசப்பதும் இவற்றின் வேலையே. பெரிய காயம், ஆபரேஷன், கெட்ட தூக்கம் என்று வரிசையாகச் சேரும்போது இந்த நிலை நீண்டு மனச்சோர்வுக்கு வழிவிடலாம்.

பயிற்சி நின்றால் தொடைச் சதை வற்றும்; மூட்டு இறுகும்; நடை தள்ளிப்போகும். நடை தள்ளிப்போவதைப் பார்த்து மனசு இன்னும் விழும். செக்குமாடு போல இந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பவரைத் திட்டுவதால் வெளியே கொண்டுவர முடியாது.

எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுகொண்டவர், வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் தங்கை. கால் முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனிடம் இரண்டு கேள்வி கேட்டார். “போன ரெண்டு வாரத்துல, எதுலயும் நாட்டமில்லாம, எதுவும் சந்தோஷம் தராம இருந்துச்சாண்ணா? மனசு சோர்ந்து, இனி ஒண்ணும் ஆகாதுன்னு தோணுச்சா?” உலகம் முழுக்க மருத்துவர்கள் முதல் சோதனையாகக் கேட்கும் இரண்டு கேள்விகள் இவை. பெரும்பாலான நாட்களில் ஆம் என்று பதில் வந்தால், மேற்கொண்டு மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். அண்ணன் பதில் சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை தொடங்கியது. அங்கே அவருக்குச் சொன்ன முதல் வேலை நடப்பது அல்ல. தினமும் ஒரு சின்ன வேலை, கட்டிலில் இருந்தபடியே, மனசு வராவிட்டாலும், குறித்த நேரத்தில் செய்ய வேண்டும் என்பது. விருப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல் செயலை முதலில் தொடங்குவது மனச்சோர்வுக்கு நன்கு சோதித்துப் பார்த்த ஒரு சிகிச்சை முறை. மதினி மிக்ஸியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். தளர்ந்துபோன பிளக்கை அண்ணன் கழற்றி மாட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அயர்ன் பாக்ஸ். வாக்கர் மேல் கிடந்த துணியை எடுக்கச் சொல்லி அவரே கேட்டது மூன்றாவது வாரத்தில்.

நம்பிக்கை 5: “காயம் ஆறிடுச்சே. இன்னும் வலிக்குதுன்னா அது மனப்பிரமை.”

உண்மை: வலி மெய்யானது. மேலே வரும் வலிச் செய்தியைக் குறைத்து அனுப்ப மூளையும் தண்டுவடமும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்களைப் பயன்படுத்துகின்றன. மனநிலையை நிலைநிறுத்துவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. மனச்சோர்வில் இந்தத் தடுப்பு வலுவிழக்கும்போது, அதே காயம் கூடுதலாக வலிக்கிறது. தீராத வலி தூக்கத்தைக் கெடுத்து மனச்சோர்வைக் கூட்டுகிறது. டுலாக்செட்டின் போன்ற மருந்து மனச்சோர்வுக்கும் சிலவகை நாட்பட்ட வலிக்கும் தரப்படுவது இந்தத் தொடர்பால்தான்.

ஓர் எச்சரிக்கை. வலி புதிதாகக் கூடினால், காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் அதை மனசின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கிருமித்தொற்றோ ரத்தக்கட்டோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 6: “நேரம் சரியில்ல. பரிகாரம் பண்ணா எல்லாம் விலகிடும்.”

உண்மை: திருஷ்டி கழிப்பதும் கோயிலுக்குப் போவதும் ஒருவருக்கு ஆறுதல் தந்தால் செய்யட்டும். எலும்பு ஒடிந்தபோது பரிகாரத்தோடு ஆபரேஷனும் செய்தோம் அல்லவா? மனசுக்கும் அப்படியே. பரிகாரத்துக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம்பிக்கை 7: “மன உறுதி இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் வராது.”

உண்மை: இதற்கு எப்போதும் சாதனையாளர்களை எடுத்துக்காட்டுவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1972ல் பத்மஸ்ரீ பெற்றார். “அவங்களைப் பாருங்க, நீங்க ஒரு காலுக்கே இப்படி உட்காந்துட்டீங்களே” என்று படுத்திருப்பவரிடம் சொல்வது எளிது.

ஆனால் அந்த வாழ்க்கையை முழுசாகப் பாருங்கள். உட்கார்ந்தே செய்யக்கூடிய அறுவை சிகிச்சையை நோக்கி அவருக்கு வழிகாட்ட பால் பிராண்ட் போன்ற ஆசான் இருந்தார். கூட நிற்கச் சகாக்கள் இருந்தார்கள். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. திரும்பி வந்து அவர் செய்ததுதான் முக்கியம். தன்னைப் போல எல்லாரும் உறுதியாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்யவில்லை. அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுத் துறையைக் கட்டினார், 1966ல் வேலூரில் மறுவாழ்வு மையமே எழுந்தது. உறுதியான மனசுக்கும் தாங்கிப் பிடிக்க ஆட்களும் வசதியும் வேண்டும் என்பதை அறிந்தவர் செய்த வேலை அது.

நம்பிக்கை 8: “மனசுக்கு மாத்திரை போட்டா பழக்கமாயிடும்.”

உண்மை: எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. மிதமான பாதிப்புக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தேவைப்பட்டாலும், மனச்சோர்வு நீக்கி மருந்துகள் மதுவைப் போல ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலநேரம் ஆறு வாரம் ஆகும். “பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல” என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பழக்கமாகும் அபாயம் உள்ளவை வேறு: சிலவகைத் தூக்க மாத்திரைகளும், நாமே கடையில் கேட்டு வாங்கும் சில வலி மாத்திரைகளும், ‘வலி தெரியாம இருக்கும்’ என்று ஊற்றிக்கொடுக்கும் மதுவும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது எலும்பு மருத்துவரின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். டிராமடால் என்ற வலி மருந்தைச் சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ப்பது ஆபத்தாகலாம். சில வலி மாத்திரைகள் அவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

நம்பிக்கை 9: “சாகணும்னு தோணுதான்னு கேட்டா, நாமளே எண்ணத்தைக் கிளப்பி விட்ட மாதிரி ஆயிடும்.”

உண்மை: கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாகச் சுமந்துகொண்டிருப்பவருக்கு, யாராவது நேராகக் கேட்டால் பாரம் இறங்கும். “என்னால எல்லாருக்கும் கஷ்டம்”, “அன்னைக்கே போயிருக்கலாம்” என்ற பேச்சு வந்தால் “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று அடக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்றே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள்; மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்; அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். அப்போது வீடு நிறைய ஆள் இருக்கும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் யாரும் வருவதில்லை. அந்த வாரங்களிலும் மனசு விழலாம். அப்போது போங்கள். விபத்து எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். “இன்னாருக்கு ஒரே மாசத்துல சரியாயிடுச்சு” என்று ஒப்பிடாதீர்கள். அவருக்குத் தெரிந்த தொழிலில் ஒரு சந்தேகம் கேளுங்கள். பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ அரை நாள் வெளியே போய்வர, நீங்கள் அங்கே இருங்கள். அவர்களும் தூங்கிப் பல வாரம் ஆகியிருக்கும்.

அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார். உயரமான ஏணி வேலைக்குத் தம்பி முறையில் ஒரு பையனை வைத்திருக்கிறார். மழைநாளில் கால் வலிக்கிறது. சில நாள் மனசும் மந்தமாகிறது. அன்றைக்கு அதை மதினியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது கட்டோடு படுத்திருக்கலாம். அடுத்த எக்ஸ்ரே தேதி சீட்டில் இருக்கும். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் பேனாவால் எழுதி வையுங்கள்: எதிலாவது நாட்டம் இருக்கிறதா? மனசு எப்படி இருக்கிறது? டாக்டர் படத்தைப் பார்த்து “எலும்பு நல்லா கூடுது” என்று சொன்னதும் எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் கேட்காவிட்டால், நீங்கள் கேளுங்கள்.